கேசட்டில் வந்த ஸ்கூட்டர் சத்தம்

"இந்த இருமல் எப்பம்மா ஆரம்பிச்சது?" என்று கே.கே. நகர் டாக்டர் என் சம்சாரத்தைக் கேட்டார். ரெண்டு மாசம் இருக்கும் என்றாள். அது தப்பு. சரியான பதில் என் பெட்டிக்குள் கேசட்டுகளில் இருந்தது. குவைத்தில் அதையெல்லாம் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டது வேறு.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எஞ்சின் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். குவைத்தில் ஆள் உயர ஜெனரேட்டர்கள். படித்த இஞ்சினியர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அங்கே மேஸ்திரியாக இருந்த சாய்பு ஒருவர் என்னைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்.

அப்போதெல்லாம் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். வெளிநாட்டுப் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும். நான் கட்டினேன். திருநகரில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஸ்கூட்டர் என்னுடையது. முதல் லீவில் ஒரு மாசம் ஓட்டி, சொந்தக்காரர் வீட்டு வாசல் ஒன்று விடாமல் நிறுத்திக் காட்டினேன். கிளம்பும்போது முன்னறைக்குள் ஏற்றி அவளுடைய பழைய சேலையால் மூடினேன். வெளியே நின்றால் வெயில், தூசி. எவனாவது இரவல் கேட்பான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான். சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பெட்ரோல் இறங்கும்படி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, சோக்கை இழுத்து உதைக்க வேண்டும். பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். மாசத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கிளப்பு, தெருவில் போகிறவன் கண்ணு படும் என்றும் நான்தான் சொன்னேன். புகைக்குச் சமையலறை ஜன்னல் ஒன்றே வழி.

எதிர்வீட்டுப் பொம்பளை சிரிப்பாளாம். "என்னக்கா, இன்னிக்கி வண்டி எதுவரைக்கும் போச்சு?" அதற்கு இவள், "அடுப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிருச்சு" என்பாளாம்.

எங்கள் ரெண்டு பேருக்கும் கடிதம் எழுத வராது. ஊர்க்காரர் யாராவது லீவு முடிந்து திரும்பினால் கேசட் கொடுத்தனுப்புவாள். மழை, கொழுந்தன் வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப வண்டியைக் கேளுங்க" என்று டேப்பை எஞ்சின் பக்கத்தில் வைப்பாள். நான் சொல்லி வைத்த ஏற்பாடு. கேம்ப்பில் கூட இருந்த சிவகங்கைக்காரன் கிண்டல் பண்ணுவான். "அண்ணே, அவனவன் பொண்டாட்டி குரலுக்கு ஏங்கிச் சாகுறான். நீ அவுங்க பேசுறதை ஓட்டிவிட்டுட்டு எஞ்சினைக் கேக்குற." நான் அவனை லட்சியம் செய்யவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஸ்கூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன் உலகத்தில் எவன் இருக்கிறான் என்று பெருமை எனக்கு.

ஒரு கேசட்டில் பேச்சு நடுவே நின்று போயிற்று. பிறகு, "ஒண்ணுமில்ல, புகை ஏறிருச்சு" என்றாள். நான் பதில் கேசட்டில், ஆயில் கூடிப்போச்சு, பெட்ரோலில் குறைத்துக் கல, புகை வெள்ளையா கறுப்பா என்று பார்த்துச் சொல்லு என்றேன். கடைசிக் கேசட்டில் மூணு உதைக்குப் பிறகுதான் வண்டி பிடித்தது. பிளக்கைப் பாரு என்றேன்.

அடுத்த லீவில் வந்தபோது அவள் பாதியாக இருந்தாள். மறைக்க என்ன இருக்கிறது, முதலில் சேலையை விலக்கி வண்டியைத்தான் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். மறுநாள் அவள் இருமிய துணியில் ரத்தம் பார்த்துத்தான் டாக்டரிடம் கிளம்பினோம். அந்த வண்டியில் அவள் முதன்முதலாக ஏறியது அன்றைக்குத்தான். ஒரே உதையில் பிடித்தது. "பாத்தீங்களா" என்றாள்.

ரெண்டு நுரையீரலும் போய்விட்டது என்றார் டாக்டர். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, புகையினாலா என்று கேட்டேன்.

"புகையில வர்ற வியாதி இல்ல. டி.பி. ஒரு வருசம் முந்தி வந்திருந்தா மாத்திரையிலயே தேத்தியிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து கேசட்டுகளை வரிசையாகப் போட்டேன். மூணாவதிலேயே இருக்கிறது. எஞ்சின் அணைந்ததும் சின்னதாக ஒரு இருமல். அது வந்து ஒன்றரை வருஷம். அஞ்சாவதில் ரெண்டு மூணு. கடைசியில் அந்த மூணு உதைக்கும் நடுவே அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. வண்டியைச் சாய்க்கத் தெம்பில்லை. பிளக்கில் ஒரு கோளாறும் இருந்திருக்காது.

உள்ளே படுத்திருந்தவள், "பழசையெல்லாம் எதுக்குங்க போட்டுக் கேக்குறீங்க? வண்டிதான் நல்லா ஓடுதே" என்றாள்.

நான் குவைத்துக்குத் திரும்பவில்லை. ஊசி, மாத்திரை எதற்கும் நோய் கேட்கவில்லை. ஆடி முடிவதற்குள் போய்விட்டாள்.

கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் போடுகிறேன். அந்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.