தூங்காத டிரைவர்

எங்கள் டிப்போவில் அவருக்குப் பெயர் அரைத்தூக்கம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பிறவியிலேயே அவருக்கு இரண்டு மேல் இமைகளும் பாதிக்கு மேல் எழும்பாது. வலது இமை இன்னும் கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது. வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் கடைசி வரி எழுத்தைக் கூடத் தடுமாறாமல் படித்துவிட்டு வருவார்.

இமை வழிவிடாததால் மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கு நுனி வழியாகத்தான் ரோட்டைப் பார்ப்பார். தெரியாதவர்கள் தலைக்கனம் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பில் தூங்குகிறான் என்று முட்டி போட வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் படம் எடுத்தவர் எட்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு முகம் கழுவிக் கூட்டி வாருங்கள் என்றாராம். அண்ணி, அதாவது அவர் மனைவி, இதை எத்தனை முறை சொன்னாலும் புதிதாகச் சிரிப்பார். "முழுக் கண்ணால பாத்திருந்தா என்னைக் கட்டியிருப்பாரா தம்பி? அரைக்கண்ணால பாத்ததாலதான் நான் கரையேறினேன்."

நான் அவர் வண்டியில் பதினொரு வருஷம் கண்டக்டர். பதினேழாம் நம்பர், ரயில் நிலையத்தில் கிளம்பிப் பெரிய மருத்துவமனையில் முடியும். நாற்பத்தொரு நிறுத்தம். அடுத்த நிறுத்தம் எனக்குப் புள்ளியாகத் தெரியும்போதே அவர் குரல் கொடுத்துவிடுவார். "தம்பி, ஆறு பேரு. ஒருத்தர் கையில பச்சைக் குழந்தை. பின்வாசலைப் பாத்துக்க." எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான் இருப்பார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட நோயாளிகள் ஏறுகிற வண்டி என்பதால், படிக்கட்டை நடைபாதைக்கு ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்துவார். இருபத்தாறு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பக்கக் கண்ணாடியை யாராவது தொட்டுவிட்டால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். துடைக்கிற ஆள்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

அப்புறம் கேமராச் சட்டம் வந்தது. அது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு ஊரில் தொலைதூரப் பேருந்து ஒன்று பாலத்திலிருந்து விழுந்தது. டிரைவர் தூங்கிவிட்டார். முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் டிப்போவில் அன்றைக்கு யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆறு மாதத்தில் சட்டம் வந்தது. பயணிகளை ஏற்றும் எல்லா வண்டியிலும் டிரைவர் கண்ணைப் பார்க்க ஒரு கேமரா இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த டிரைவரைத் தொடர்ந்து பதினாறு மணி நேரம் ஓட்ட வைத்தார்கள். ஓட்ட வைத்தவர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டிரைவரை மட்டும் பார்க்கச் சொன்னார்கள்.

சோப்புக்கட்டி அளவில் ஒன்றை ஸ்டீயரிங்குக்கு முன்னால் பொருத்தினார்கள். முதல் நாள் வண்டி டிப்போ வாசலைக்கூடத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "ஓட்டுநர் கவனத்திற்கு, நீங்கள் உறங்குகிறீர்கள்" என்றது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். "புது அண்ணியா?" என்று நான்கூடக் கேட்டேன். ரயில் நிலையத்தில் ஆட்கள் ஏறிய பிறகு அது மறுபடி சொன்னது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் பத்தொன்பது தடவை சொல்லிவிட்டது. பாதி வழியில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணியை அடித்து இறங்கினாள். "அம்மா, நான் முழிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார் அண்ணன். பதினொரு வருஷத்தில் ஒரு பயணியிடம் அவர் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

கேமரா சொல்வது எங்களோடு நின்றுவிடாது. நேராக உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாகிவிடும். பதிவு கூடிப்போனால் ஒரு வாரம் வண்டி கிடையாது, வகுப்பில் உட்கார வேண்டும். மூன்றாவது முறை வந்தால் பேருந்து ஓட்டும் உரிமமே ரத்து. அண்ணன் முதல் வகுப்புக்குப் போனார். நன்றாகத் தூங்குவது எப்படி என்று ஐந்து நாள் படம் காட்டினார்களாம். பாடம் நடத்தின பையன் இரண்டாம் நாள் இவர் தோளைத் தட்டி, "சார், இங்கேயுமா?" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிப்போ மேனேஜர் நல்ல மனுஷர். "உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். மெஷினுக்குத் தெரியலையே, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார். விளக்கம் எழுதுகிற படிவத்தில் மூன்று காரணங்கள்தான் இருந்தன. தூக்கம், குடி, செல்போன். ஒன்றை டிக் அடிக்க வேண்டும். மேனேஜர் எதையும் அடிக்காமல் அனுப்பினார். நிரப்பப்படாத படிவம் என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. கண் டாக்டரின் சான்றிதழை வைத்துத் தனியாக ஒரு கடிதம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அது கிணற்றில் போட்ட கல்தான். இமையைத் தூக்கி வைக்க ஆபரேஷன் இருக்கிறதே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அதற்கு எட்டு மாதம் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் இரண்டாவது வகுப்பும் முடிந்துவிட்டது.

இன்னும் ஒரு முறைதான் பாக்கி. ஓய்வு பெற அவருக்கு நாலு வருஷம் இருந்தது. உரிமம் போனால் வேலை போகாது, வண்டி கழுவுகிற இடத்தில் போடுவார்கள். "கழுவுறது ஒண்ணும் கேவலமில்லடா" என்றார். "கழுவி முடிச்ச வண்டியை வேற ஒருத்தன் ஏறி எடுத்துட்டுப் போவான். அதைப் பாத்துட்டு நிக்கணுமே. அது என்னால ஆகாது." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்துவிடுவேனோ என்று பயந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பின பக்கம் என் டிக்கெட் மெஷின் இருந்தது. பேட்டரி மூடி உடைந்துபோய், தோல் நிறப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

"அண்ணே, இமையைத் தூக்கி மேல இதைப் போட்டு ஒட்டிட்டா என்ன?"

ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணுக்கு இரண்டு துண்டாக நானே ஒட்டிவிட்டேன். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டால் பிளாஸ்டர் தெரியாது. கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் எங்களைத் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாருடா இந்தக் கோட்டான்?" என்றார் அண்ணன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கேமரா வாயைத் திறக்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை ஒரு வார்த்தை இல்லை. தினமும் டிப்போவில் ஒட்டுவோம், வண்டி கடைசியில் நின்றதும் பிய்ப்போம், சொட்டு மருந்து விடுவோம், மறுபடி ஒட்டுவோம். மருத்துவமனை வாசல் மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி வருவது என் வேலை. வீட்டில் சொல்லவில்லை. கண் சிவந்திருக்கிறதே என்று அண்ணி கேட்டால் ரோட்டுத் தூசி என்பார். அண்ணி ஈரத்துணியை மடித்துக் கண்மேல் வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போவார்.

மாதக் கடைசியில் டிப்போ பலகையில் ஒரு படம் ஒட்டினார்கள். இம்மாதத்தின் விழிப்பான ஓட்டுநர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. கேமரா எடுத்த அண்ணன் படம்தான் அது. இரண்டு கண்ணும் ஆந்தை மாதிரி விரியத் திறந்திருந்தன. எல்லாரும் கை கொடுத்தார்கள். தூங்குவது எப்படி என்று அந்த வகுப்பில் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் போல என்று ஒருவன் சொன்னான். அண்ணன் பலகையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

இமை விழாத கண்ணில் வெயிலும் காற்றும் புழுதியும் எட்டு மணி நேரம் அடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களாவது யோசித்திருக்கலாம். இரண்டாவது மாதம் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு தண்ணீரும் நின்றுபோய் உள்ளே மணல் அறுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "ஒரு வாரம் லீவு போடுங்கண்ணே" என்றேன். "மேலிடத்து லெட்டர் வந்துடும்டா, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுறேன்" என்றார். நிறுத்தத்தில் எத்தனை பேர் என்று குரல் கொடுப்பதை அவர் விட்டுவிட்டார். வலியில் பேச்சு குறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு புதன்கிழமை மத்தியானம். பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு நாற்பது அடி முன்னாலேயே வண்டி நின்றது. ஹேண்ட்பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது. பயணிகள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் என்னை முன்னால் கூப்பிட்டார்.

"ஸ்டாப்புல யாராவது நிக்கிறாங்களா, தம்பி?"

"ஒன்பது பேருண்ணே. ஸ்கூல் பிள்ளைங்க. ஒண்ணு ரோட்டுலயே இறங்கி நிக்குது."

"எனக்கு ஒருத்தரும் தெரியல" என்றார்.

நான் தடுப்பதற்குள் தொப்பியைக் கழற்றிப் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தார். அதோடு இமை மயிரும் வந்தது. உடனே அந்தக் குரல், "ஓட்டுநர் கவனத்திற்கு, நீங்கள் உறங்குகிறீர்கள்" என்றது. அவர் இன்ஜினை அணைத்துச் சாவியை என் கையில் வைத்தார். "டிப்போவுக்குப் போன் போடு. வேற டிரைவரை வரச் சொல்லு. நான் இனிமே ஓட்டக்கூடாது." அவர் இறங்க நான் கை கொடுத்தேன். நடைபாதை எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்கினார்.

கருவிழி காய்ந்து புண்ணாகி, புண்ணில் சீழ் வைத்திருந்தது. வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, வெள்ளையாகப் பூத்துவிட்டது. இடது கண்ணில் தழும்பு. வீட்டுக்குள் நடமாடலாம், எதிரில் இருப்பவரின் முகம் தெரியும், அவ்வளவுதான் என்றார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கோபத்தில் அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கண்ணு சும்மாவா இமைக்குது? இதைக்கூடவா யோசிக்கல?" என்று அண்ணனைத் திட்டினாள். பக்கத்தில் நின்ற நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்று நாள் கழித்து மேலிடத்துக் கடிதம் வந்தது. மேனேஜர் அதை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "படிடா" என்றார் அண்ணன்.

படித்தேன். தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. இயற்கையாக இமை தாழ்ந்துள்ள ஓட்டுநர்களுக்கு, மருத்துவச் சான்றின் பேரில், கேமராவின் அளவை அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கலாம். இரு கண்களிலும் முழுப் பார்வை இருத்தல் அவசியம். கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். படித்தேன்.

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தாண்ணே."

"அப்போ சரி. இனிமே என்னை மாதிரி ஒருத்தன் வந்தா தப்பிச்சுக்குவான்."

அண்ணி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, எதற்கென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்து மூணு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பிளாஸ்டர் புத்தியை இவருக்கு யாரு குடுத்தது? கேட்டா தானாத் தோணிச்சுங்கிறாரு. முப்பது வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன், இவருக்கு இந்த மாதிரியெல்லாம் தோணாது."

"எனக்குத்தான் தோணிச்சுன்னு எத்தனை தடவை சொல்றது? விடு" என்றார் அண்ணன் அவசரமாக.

"நீங்க சும்மா இருங்க. உனக்குத் தெரியுமா தம்பி?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் பக்கமாகத் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"தெரியல அண்ணி" என்றேன்.

அண்ணி பெருமூச்சு விட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ கூட இருந்ததாலதான் அன்னைக்கு நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த டீயைக் குடித்தேன். சட்டம் போட்டவர்களை நான் திட்டுவேன், கேமராவைத் திட்டுவேன், மேலிடத்தில் கடிதத்தை அடைகாத்தவர்களை ஏழு தலைமுறைக்குத் திட்டுவேன். அண்ணியிடம் போய் நான்தான் என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.