ஓட்டல் டேங்கை நம்பி ஊன்றிய கம்புகள்

மாமல்லபுரம் பக்கம் முகத்துவாரத்தில் சிப்பி வளர்க்க அரசிடம் குத்தகைக்கு இடம் வாங்கியிருக்கிறேன். அளந்து கொடுத்த அன்றே, கரையில் இருக்கும் ஓட்டலின் தண்ணீர் டேங்கும் கலங்கரை விளக்கமும் ஒரே நேர்கோட்டில் தெரிவதுதான் எல்லை என்று குறித்துக்கொண்டேன். கடலில் நாங்கள் அப்படித்தான் இடம் பிடிப்போம். சிப்பிக் கயிறு கட்ட நட்டிருந்த கம்புகளை மழைவெள்ளம் அடித்துப்போனதும், அதே நேர் பார்த்து மறுபடி ஊன்றினேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி போனில் இடத்தின் அளவைப் பார்த்துவிட்டு, "படகு போற வழியில நட்டிருக்கீங்க. குத்தகை ரத்தாயிடும்" என்றார்.

"இன்னா சார், கடலு எனுக்குத் தெரியாதா?" என்று எகிறினேன்.

என் மனைவி கரையைக் காட்டினாள். "பழைய டேங்க இட்ச்சிட்டு, தள்ளிப் புதுசு கட்டிக்கீறான் பாருய்யா."

அன்றே எல்லாக் கம்பையும் பிடுங்கிக் குத்தகை எல்லைக்குள் நட்டோம், குத்தகை தப்பியது.

இப்போதும் கண்ணால்தான் இடம் பிடிக்கிறேன். ஆனால் ஊன்றும் முன் குத்தகைத் தாளில் உள்ள எல்லைப் புள்ளிகளைப் போனில் சரிபார்க்கிறேன். கடலை எனக்குத் தெரியும். ஓட்டல்காரன் எப்போது டேங்கை இடிப்பான் என்று தெரியாதே!