கொழுந்தன் கொடுத்த ஓட்டைப் பெட்டி

என் அக்காவின் கோபம் முகத்தில் தெரியாது. என் கோபமோ மூக்கு நுனியிலேயே நிற்கும். அதனால்தான் அவள் கொழுந்தன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, "போகாதக்கா, அவன் கடை நாசமாப் போகட்டும்" என்று கத்தினேன்.

கத்தாமல் என்ன செய்வது? அந்த ஸ்டிக்கர் கடை அத்தானும் அக்காவும் சேர்ந்து உருவாக்கியது. கம்ப்யூட்டருக்கு எந்தச் சீக்கு வந்தாலும் அக்காதான் வைத்தியம் பார்ப்பாள். அத்தான் இறந்துபோனதும் கொழுந்தன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். வேலையாட்கள் முன்னால், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "இங்க உங்களுதுன்னு எதுவும் இல்ல அண்ணி. வேணும்னா அண்ணன் கட்டின அந்த ஓட்டைப் பெட்டியத் தூக்கிட்டுப் போங்க" என்று சிரித்தான். அக்கா வெறுங்கையோடு வந்தாள். பிறகு கண்டவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் திறந்து, தூசி தட்டிப் பிழைத்தாள். ஒருநாளும் அவனைத் திட்டியதில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது அந்த ஓட்டைப் பெட்டிதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஸ்டிக்கர் வெட்டும் பெரிய மெஷின் அது சொன்னால்தான் அசையும். வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் மசியாது. பெரிய ஆர்டர் ஒன்று தேங்கிக் கிடந்த நேரம் பார்த்து, பெட்டியை மெஷினோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு செத்துவிட்டது.

அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கவாவது வேண்டுமே என்று நானும் போனேன்.

"கார்டு மேல கார்டா மாத்திட்டேன் அண்ணி. கேபிளும் புதுசு. லைட் எரியுது, மெஷின் மட்டும் கண்டுக்கவே மாட்டேங்குது."

"மெஷினுக்குப் பழகின நெட்வொர்க் முகவரிய, அந்த நம்பர, இந்தக் கார்டுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தா, அது வேற கார்டுகிட்ட இருக்குங்குது. உள்ள இருக்கிறதே ஒரு கார்டுதானே! அதான் வேற முகவரி குடுத்தேன்."

"பழைய கார்டப் பிடுங்கிப் போட்டுட்டீங்க தம்பி. ஆனா பெட்டி அத இன்னும் மறக்கல."

மறைந்திருந்த பட்டியலை அக்கா திறந்தாள். செத்த கார்டின் பெயர் மங்கலாக அங்கேயே உட்கார்ந்திருந்தது, முகவரியையும் பிடித்துக்கொண்டு. அதை நீக்கிவிட்டு, அதே முகவரியைப் புதிய கார்டுக்குக் கொடுத்தாள். பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டதும் மெஷின் உறுமிக்கொண்டு ஒரு வட்டத்தை வெட்டித் தள்ளியது.

"அண்ணின்னா அண்ணிதான்!" கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குத்தானா வந்தோம்?

அக்கா பெட்டியை முறைப்படி அணைத்தாள். ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"நீங்கதான் தூக்கிட்டுப் போகச் சொன்னீங்க. அன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"அது... அப்ப ஏன் சரி பண்ணீங்க?"

"ஓடாத பெட்டிய வச்சு நான் என்ன பண்றது?"

அவன் வேலையாட்களைப் பார்த்தான். அன்றும் அங்கே நின்றிருந்த மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சொன்னீங்க முதலாளி. நாங்க எல்லாரும் கேட்டோமே" என்றபடி கதவைத் திறந்து பிடித்தார்.

அக்கா வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கீபோர்டையும் எடுத்துக்கடி. அதுவும் உங்க அத்தானோடதுதான்."