எங்கள் கொப்பியில் இல்லாத பதினொரு நிமிடம்

அந்தப் படத்தைப் பற்றி நானும் என் மச்சானும் சண்டை பிடிக்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. மச்சான் என்றால் என் வாப்பாவின் தங்கை மகன். மருதமுனையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாய்ந்தமருதில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நாலு பிடி சோறு இறங்குவதற்குள் படம் வந்துவிடும். உலகத்திலேயே சிறந்த விஞ்ஞானப் படம் அதுதான் என்பது அவன் கட்சி. குப்பை என்பது என் கட்சி. என் மனைவி தன் பீங்கானைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கையில் காசில்லாதவர்கள் எடுத்த ஆங்கிலச் சண்டைப் படம், தமிழில் குரல் கொடுத்தது. எதிர்காலப் போர்வீரனின் தலைக்கவசம், வெள்ளிச் சாயம் பூசிய மோட்டார் சைக்கிள் ஹெல்மட். லேசர் துப்பாக்கி, தலைமுடி காய வைக்கும் மெஷின்; வயர் தொங்குவதுகூடத் தெரியும். வேற்றுக் கிரகத்து நகரம் என்று ஒரே ஒரு நடைவழி. அதே நாலு பேர் அதில் திரும்பத் திரும்ப ஓடுவார்கள். நாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே ஆளின் குரல் என்பதால், யார் யாரை மிரட்டுகிறார் என்பதை வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனாலும் சுனாமிக்கு அடுத்த வருடம், நாங்கள் தகரக் கொட்டில்களில் இருந்த காலத்தில், அந்த சீடியைப் பார்க்காத ஆள் எங்கள் பக்கம் இருந்திருக்க முடியாது. காரணம் கடைசிக் கட்டம். வீரன் கரையில் கடலைப் பார்த்து நிற்பான். நெஞ்சில் கட்டிய பெட்டியில் சிவப்பு லைட் இரண்டு தரம் மின்னும். அடுத்த கணம் வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அத்தோடு படம் முடிந்துவிடும். எங்களுக்கு பிசிக்ஸ் படிப்பித்த ரியூஷன் சேர், அந்தப் பெட்டி காலத்தைத் திருப்பும் மெஷின் என்று கரும்பலகையில் படம் கீறியே விளக்கினார். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் எப்பிடி ஊட்டுக்கு வந்த?" என்று நான் கேட்பேன்.

"நேரத்தத் திருப்பிட்டான்டா. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல," என்பான் அவன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முடி காய வைக்கும் மெஷினைத் துப்பாக்கியாக்கியவனுக்கு அவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது?

போன மாதம் அந்தப் படத்தின் முழுப் பிரதி, பளிச்சென்று துலக்கியது, இணையத்தில் கிடைத்தது. வெளிநாடுகளிலும் அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறதாம். ஒரு வியாழக்கிழமை ளுஹர் தொழுதுவிட்டுப் போனும் கையுமாகக் குந்தினேன். கால்மணி நேரத்தில் எங்கள் சீடியில் இல்லாத முத்தம் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. இதில் ஆச்சரியம் இல்லை. குடும்பத்தோடு பார்க்கக் கூடாததையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் எங்கள் ஊர்க் கடையில் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஆனால் வெட்டுப்பட்ட காட்சி ஒன்றில் நாயகி அரைகுறை உடுப்போடு அந்தப் பெட்டியைத் தொட்டு, இது என்ன என்று கேட்கிறாள். பற்றரி இறங்கினால் சிவப்பு லைட் மின்னும் என்கிறான் வீரன். காலமாவது, கத்தரிக்காயாவது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு லிங்கை மச்சானுக்கு வட்சப்பில் அனுப்பினேன். "உன்ட மெஷின்ட பற்றரி செத்துப் போச்சி. முழுப் படத்தையும் பாத்துப்போட்டு நாளைக்கு வா," என்று குரல் பதிவும் போட்டேன். பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

வீரன் கடலைப் பார்த்து நிற்கிறான். லைட் மின்னுகிறது. கடல் எழும்பி வருகிறது. பதினொரு நிமிடம். தொட்டித் தண்ணீரும் பொம்மை வீடுகளும்தான், பிளாஸ்டிக் மரம் ஒன்று மிதப்பதும் தெரிகிறது. இருந்தும் இரண்டு தரம் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன். மனைவியும் மகளும் தண்ணீரோடு போய்விடுகிறார்கள். அவர்கள் இருந்து சாப்பிடுவது அவனுடைய நினைப்பு மட்டும். அதற்குப் பிறகு அவன் மணலில் தனியாக இருக்கிறான். அதுதான் உண்மையான முடிவு.

என் மாமியான மச்சானின் உம்மாவும் அவனுடைய எட்டு வயதுத் தங்கச்சியும் அந்த மார்கழியில் கடலோடு போனவர்கள். மாமியின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. தங்கச்சி கிடைக்கவே இல்லை. அனுப்பியதை அழிக்கப் போனேன். நீலக் கோடுகள் இரண்டும் விழுந்திருந்தன, அவன் திறந்துவிட்டான். அழைத்தேன், எடுக்கவில்லை. என் வாயை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

யார் அதை வெட்டினார்கள் என்று அறியாமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பயத்திலும் எனக்கு ஊர்க்கதை துருவும் விடுப்புப் புத்தி போகாது. சீடிக் கடை இருந்த இடத்தில் இப்போது போட்டோ கொப்பி எடுக்கிறார்கள். கடைக்காரர் மௌத்தாகிவிட்டார், அவருடைய மனைவிதான் நடத்துகிறார். ஊருக்கே அவர் ராத்தா, மூத்த அக்கா மாதிரி. நான் படத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"வெட்டுறது நான்தான் தம்பி. அவருக்குக் கடைக்கி வாற ஆக்களோட கதைக்கவே நேரம் போயிரும். முத்தம் வந்தா வெட்டு, குடிச்சா வெட்டு எண்டு எனக்குக் கம்பியூட்டர்ல பழக்கித் தந்த."

"கடல் வாறதயும் அவரா வெட்டச் சொன்ன, ராத்தா?"

அவர் எடுத்து வைத்த தாள்களை ஒருமுறை தட்டி அடுக்கினார். "இல்ல. அது நானாப் பாத்து வெட்டின. கொட்டில்ல இரிக்கிற சனம் கொண்டு போற படம். அத எப்பிடி அப்பிடியே குடுக்கிற? கடைசில அவன் தனிய இரிக்கிறதயும் எடுத்துட்டன். சாப்பிடுறதோட முடியட்டும் எண்டு நினைச்ச."

அந்தப் படத்துக்குச் சிறந்த படம் என்ற பெயர் தகுமா என்று கேட்டால், எடுத்தவர்களுக்குத் தகாது என்பேன். எங்கள் ஊரில் அது வாங்கிய பெயர் முழுக்க ராத்தாவுக்குச் சேர வேண்டியது. அதை அவரிடமே சொன்னேன். "அப்பிடியா," என்றுவிட்டு, வினாத்தாளோடு வந்த டீச்சரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுநாள் மச்சான் வழக்கமான நேரத்துக்கே வந்தான். கை கழுவினான், இருந்தான். அவன் பீங்கானில் சோற்றைப் போட்டேன்.

"முழுக்கப் பாக்காம அனுப்பிட்டன்டா. வேணுமெண்டு செய்யல்ல," என்றேன். "பாத்தியா?"

"இப்ப பாக்கல்ல. கட்டார்ல இரிக்கக்குள்ள பாத்த, பத்து வருஷத்துக்கு முந்தி. றூமில ஒருத்தன் வெச்சிருந்தான். கடைசி மட்டும் பாத்தன்."

"அப்ப, தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு காலமும் என்னோட சண்டை புடிச்ச?"

"ஓம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "உம்மாவப் பத்தி ஊட்டுல ஒருத்தரும் கதைக்கிறல்ல. தங்கச்சிட பேரெடுத்தா வாப்பா எழும்பிப் போயிருவாரு. நீ மட்டுந்தான் வெள்ளிக்கு வெள்ளி, அவன் எப்பிடி வந்த எண்டு கேப்பாய். கேட்டா நான் சொல்லலாம்தானே, நேரத்தத் திருப்பிட்டான், எல்லாரும் இருந்து சாப்பிட்ட எண்டு. வேற ஆருக்கிட்டப் போய் நான் அதச் சொல்ற?"