சாதாக் கேப்பா, மேக்னம் கேப்பா?

பலகாரத்தில் உப்புக் கூடிப்போனால் வாடிக்கையாளர் திரும்பி வந்து திட்டுவார். தோட்டா நிரப்புகிறவனுக்கு அந்த ஆறுதல்கூட நிச்சயமில்லை.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், தூத்துக்குடி உப்பளங்களுக்கு அப்பால் இருந்த ரைஃபிள் கிளப்பில் எனக்கு அந்த வேலை. பெரிய ரைஃபிளுக்குக் கடைத் தோட்டா லேசில் கிடைக்காது. சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் புதுக் கேப்பு அழுத்தி, வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்திக் கொடுப்பேன். கேப்பு மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. துப்பாக்கியின் ஊசி தட்டினால் பொறி விடும், பொறியில் மருந்து பிடிக்கும். அதிலும் சாதா, மேக்னம் என்று இரண்டு. மேக்னத்துக்குத் தீ அதிகம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

டீச்சர் கேட்டது

நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஜெபமணி டீச்சர்தான் கிளப்பின் ஒரே பெண் உறுப்பினர். கையில் அப்பா விட்டுப்போன ரைஃபிள். சென்னையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதை எங்களிடம் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை.

எந்த மாதிரித் தோட்டா வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும் தம்பி. நல்லதா கெட்டதாங்கிறதை நான் பாத்துக்கிடுதேன்."

குளிர்

பழைய சாதாக் கேப்பில் முப்பத்திமூன்று தோட்டா நிரப்பி முடித்த சமயத்தில், புதுக் கேப்புப் பெட்டி வந்தது. மேல் அட்டையில் மேக்னம் என்று போட்டிருந்தது. கிளப்புச் செயலாளர், உப்பள முதலாளி கனகராஜ் அண்ணாச்சி, நல்ல சாமானாக இருக்கட்டுமே என்று தானாகவே எழுதி வரவழைத்தது. நான் கிளப்பில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். மருந்து நிறையப் போட்டால் மேக்னம், கடுங்குளிரிலும் மேக்னம் என்று இருந்தது. நம் ஊரில் ஏது கடுங்குளிர் என்று அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏலே, மார்கழியில போர்வை போத்திக்கிட்டுதாம்ல நான் உப்புப் பாத்திக்குப் போறேன். அது குளிரில்லாம பின்ன காய்ச்சலா?"

தீக்குச்சியும் தீவட்டியும்

மேக்னம் என்றால் உருவத்திலாவது பெரிசாக இருக்கும் என்று நம்பிப் பெட்டியைத் திறந்தேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று. அளவு ஒன்று, நிறம் ஒன்று. என் புத்தி அங்கேயே பாதி கலங்கிவிட்டது.

கிளப்புத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் சவரிமுத்து அண்ணன். தோணி இன்ஜின் மெக்கானிக். "அடுப்புக்குத் தீக்குச்சி போதும். தீவட்டியைச் சொருகினா சட்டியே போயிரும்" என்றார். அண்ணாச்சி விடவில்லை. "கடக்காத்து ஓதத்துல மருந்து நமுத்துல்லா கெடக்கும்? அதுக்குத் தீவட்டிதான் வேணும்." எனக்கோ, அண்ணன் பேசும்போது அண்ணன் சொல்வது சரி, அண்ணாச்சி பேசும்போது அண்ணாச்சி சொல்வது சரி. பேச்சு முற்றியபோது டீச்சர் ரைஃபிளை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போடுங்க. வெடிக்கையில அது என் கன்னத்துலதான இருக்கு!"

நார்த்தங்காய் பாட்டில்

எங்கள் ஊரில் எதையும் அட்டைப் பெட்டியில் விட்டுவைக்க மாட்டார்கள். ஓதம் ஏறிவிடும். சீனி, பிஸ்கட், ஏன் தீப்பெட்டிகூடப் பாட்டிலுக்குள்தான். சென்னைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளப்புக்குள் நுழைகிறேன், அலமாரியில் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். உள்ளே கேப்பு. மிச்சமிருந்த சாதாவும் புதிதாய் வந்த மேக்னமும் ஒன்றாக. அண்ணாச்சியின் கைங்கரியம். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு, எதுக்குடே ரெண்டு பாட்டில்?" என்றார்.

எது எது என்று பிரிக்க மனுஷனால் முடியாது. அதைவிட, கேப்பை இப்படிக் கண்ணாடிக்குள் குவித்தால் ஒன்று தட்டுப்பட்டு மொத்தமும் வெடிக்கும். சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, பாட்டில் நிறைய மெல்ல எண்ணெய் ஊற்றி அத்தனையையும் பாழாக்கினார். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இனி ஓதம் ஏறாதுல்லா?"

முப்பத்திமூன்று

வேறு கேப்பு வரவழைக்க நேரமில்லை. ஆக, டீச்சருக்கு நான் முதலில் நிரப்பிய முப்பத்திமூன்றுதான். போட்டிக்கு முப்பது, குறி பார்க்க மூன்று. பழகுவதற்கு ஒன்றுகூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தினம் சாயங்காலம் வந்து வெறுந்துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்து, விசையை 'டிக்' என்று அழுத்திவிட்டுப் போனார். ஐந்து நாள், வெறும் டிக் டிக். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துப்பாக்கியை விலை பேசுகிற மாதிரியே எனக்கு இருந்தது.

சென்னையிலிருந்து திரும்பியதும் நேரே கிளப்புக்கு வந்தார். "வெறுந்துப்பாக்கியில பழகினேனா, மொத வெடிக்கு நானே திடுக்கிட்டுட்டேன். பொறவு எல்லாம் ஒண்ணுபோலப் போச்சு. கடேசி இடம், ஆனா இடம் கெடைச்சிருச்சு. துப்பாக்கி வீட்டுலதான் இருக்கும்." இனி அணிக்குத் தோட்டாவும் அவர்களே கொடுப்பார்களாம். அதில் எந்தக் கேப்பு போடுகிறார்கள் என்று ஆசையாகக் கேட்டேன்.

"கேக்கலையே தம்பி. கேட்டா அங்கனயும் ரெண்டு கட்சி ஆயிரும்."

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அங்கே தோட்டா நிரப்பினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர, அந்தத் தொழிலில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது வேறொன்றுமில்லை.