புருவம் வரைக்கும் தலைப்பாகை

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படாமல் போகாது. மாப்பிள்ளைகள் ஒருவருக்கும் நெற்றி இருக்காது. தலைப்பாகை புருவம் வரைக்கும் இறங்கி உட்கார்ந்திருக்கும். அப்பாவின் கல்யாணப் படத்தில் அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு, தலைப்பாகைக்குக் கீழே கிடைத்த சந்து வழியாகத்தான் அம்மாவைப் பார்க்கிறார். கைக்குழந்தைக்கு மொட்டை போட்டாலும் சரி, ஒரு துண்டை எடுத்துப் புருவம் வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுவேலை. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான், பெரியவர் கட்டின கட்டு.

பெரியவர் என்பது அப்பாவுடைய தாத்தாவின் தாத்தா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் சிங்கப்பூரில் கால் வைத்தவர். சுவா சூ காங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் ஹாலில், டிவிக்கு மேலே அவர் படம் மாட்டியிருந்தது. வயதான காலத்தில் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது. நரைத்த மீசை, கையில் தடி, புருவத்தை மூடிய தலைப்பாகை. படையல் அன்றைக்கு அப்பா சந்தனப் பொட்டைக் கண்ணாடியில் அந்தத் தலைப்பாகையின் மேலேயே வைப்பார். நெற்றியைத் தேடிப் பிரயோஜனமில்லை.

அவரைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கும். மற்றவர்களைப் போலப் பிழைப்புத் தேடி வந்தவரல்ல, சர்க்கார் செலவில் வந்தவர். கப்பலில் இடம் சர்க்கார் கொடுத்தது. இறங்கியதும் தங்க இடம் சர்க்கார் கொடுத்தது. சோறு சர்க்கார் சோறு, துணி சர்க்கார் துணி. வெளியே எங்கே போனாலும் கூடவே ஆள் போகுமாம், அவ்வளவு மரியாதை. சாலை போட்டார், செங்கல் அறுத்தார், நகரத்தில் இன்றைக்கும் நிற்கிற பெரிய வெள்ளைக் கட்டிடங்களில் அவர் கை பட்ட சுவர்கள் இருக்கின்றன. இந்த விவரங்களை எல்லாம் வரிசையாக வைத்து யோசித்துப் பார்க்க எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, என்னை விட்டுவிடலாம். பெரியவர்களுக்கு என்ன வந்தது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீதிபதி ஆங்கிலத்தில் சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போதுகூட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டைதான். நாளெல்லாம் பேசிச் சம்பாதிக்கிற மனுஷர் வீட்டில் வாயே திறக்க மாட்டார். சம்பளம் கொடுத்தால்தான் பேசுவான் என்று அம்மா கேலி செய்வார்.

என்னோடு மட்டும் அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆங்கில அறிவிப்பைப் படித்துத் தமிழில் சொல்வார். வேண்டுமென்றே எதையாவது விட்டுவிடுவார், அல்லது இல்லாததைச் சேர்ப்பார். நான் பிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், செவ்வாய்க்கிழமை தண்ணீர் வராது என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் "பத்து மணிலேர்ந்து!" என்று பாய்வேன். பிடித்துவிட்டால் அவர் சட்டைப் பையிலிருந்து கச்சாங் புத்தே வெளியே வரும். வறுத்த கடலையும் பட்டாணியும் காகிதச் சுருளில் போட்டு, தேக்கா கடைத்தெருவில் வாங்கியது. கொடுக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது பாப்பா. நிக்கிறவருக்கு நாமதான் காது."

அந்த வருஷம் நான் தோற்ற ஞாயிறு அநேகமாக இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது.

அத்தை கல்யாணப் பேச்சு வந்தது அப்போதுதான். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, மருத்துவமனையில் தாதி. வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்று அப்பாவுக்குக் கவலை. அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருவரோடு அத்தைக்கு இரண்டு வருஷமாகப் பழக்கம். இது அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் அத்தையும் ஒரே அறை, போர்வைக்குள் ரகசியமாகப் பேசினால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது என்று அத்தை நம்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அம்மா கெட்டிக்காரி. தெரிந்த ஒரு அம்மாள் மூலம் அந்த இடத்தையே புதிதாக வந்த வரன் மாதிரி கொண்டுவரச் செய்தார். அப்பா ஜாதகத்தைக்கூடக் கேட்காமல் சந்தோஷப்பட்டுவிட்டார்.

முதல் தடவை பெரியவர்கள்தான் வருவார்கள், மாப்பிள்ளை வரமாட்டார். மாப்பிள்ளையின் அப்பா தேக்காவில் தையற்கடை வைத்திருந்து ஓய்ந்தவர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். அவருக்குப் பணம் காசு வேண்டாமாம், நகை வேண்டாமாம். எந்தக் காலத்தில், எப்படி வந்த குடும்பம் என்று மட்டும் தெரிய வேண்டுமாம். இதைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி வந்த குடும்பம் என்று சொல்வதற்குத்தானே அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார்.

கையில் காகிதமும் இருந்தது. சில மாதம் முன்னால் சைனாடவுன் மாரியம்மன் கோயிலில், பழைய குடும்பங்களைப் பற்றிச் சேகரிக்கிற ஒரு பல்கலைக்கழக மாணவி அப்பாவிடம் பெரியவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தாள். அந்த வாரம் அவளிடமிருந்து தடித்த உறை ஒன்று தபாலில் வந்தது. பழைய பதிவேட்டின் நகல் ஒரு பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து. அதையே தெளிவாகத் தட்டச்சு செய்து இன்னொரு பக்கம். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஆங்கிலத்தில் கொள்கலன் எண்ணைப் படிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். மேலே சர்க்கார் முத்திரை இருந்தது, அவருக்கு அது போதும். ஒருவருக்கும் காட்டாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து சபையில் படிக்கட்டும் என்றார்.

வந்தார்கள். கேசரி, கரிப்பாப், கோப்பி எல்லாம் ஆயிற்று. அத்தை ஒரு தடவை தட்டோடு வந்து போய், சமையலறை வாசலில் நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர், சிரித்துப் பேசினார். டிவிக்கு மேலே பார்த்துவிட்டு, அடடா என்ன கட்டு, ராஜா மாதிரி அல்லவா இருக்கிறார் என்றார். அப்பா எழுந்து போய் உறையைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தார்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மனதுக்குள் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். நான் அவர் நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு தட்டச்சு செய்த பக்கத்தைக் கூடவே படித்தேன். பிறகு தமிழில் சொல்ல ஆரம்பித்தார். தஞ்சாவூர் ஜில்லா. வயது இருபத்தாறு. தொழில் விவசாயம். ஒரு நிலத் தகராறு சிவில் கோர்ட்டில் ஒன்பது வருஷம் நடந்திருக்கிறது. தீர்ப்பு இவருக்கு எதிராக வந்து நிலம் போய்விட்டது. அதற்கப்புறம் சர்க்கார் கப்பலில் சிங்கப்பூர் வந்திருக்கிறார். இங்கே கொத்து வேலை கற்றுக்கொண்டு மேஸ்திரியாக உயர்ந்திருக்கிறார். நடத்தை மிக நல்லது என்று எழுதியிருக்கிறது.

சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது கரிப்பாப்பை எடுத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டாவது பலகாரத்தைத் தொட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்று அம்மா சொல்வார். அத்தை வாசலிலிருந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

எனக்கோ கை பரபரத்தது. வழக்கமாக ஒரு வார்த்தையைத்தான் விடுவார். இன்றைக்கு மூன்று வரியை விட்டிருந்தார். இவ்வளவு சுலபமாக அவர் எனக்கு வைத்ததே இல்லை. ஆள் கூடியிருக்கிறார்களே, என் சாமர்த்தியத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மாமா, விட்டுட்டீங்க," என்றேன். "நிலத்தை எடுக்க வந்த கோர்ட்டு ஆளை வெட்டிட்டார்னு இருக்கு. மர்டர். லைஃப் கன்விக்ட். நெத்தியில பச்சை குத்தி எழுதியிருக்குன்னும் இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நிமிர்ந்து படத்தைப் பார்த்ததும் எனக்கே பளிச்சென்று புரிந்தது. "அதான் தலைப்பாகை அவ்ளோ கீழ!" என்றேன். கூட்டக் கூடாது என்ற பாடத்தை அந்த இடத்தில் மறந்துவிட்டேன்.

எல்லோர் கண்ணும் பெரியவர் படத்துக்குப் போனது. அங்கிருந்து, பக்கத்தில் மாட்டியிருந்த அப்பாவின் கல்யாணப் படத்துக்குப் போனது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கரிப்பாப்பை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா குரலை உயர்த்தவில்லை. மாமாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, பிள்ளை சொல்ற மாதிரிதான் அதுல இருக்கா?"

குழந்தை, அதற்கு என்ன படிக்கத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அந்த ஹாலில் அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூடிய பெரியவர்கள் மாமாவும் அத்தையும்தான், அத்தை ஒன்றும் சொல்லப்போவதில்லை. அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் நின்றுதான் பேசுவார்களாம், அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

"ஆமாங்க. அப்படித்தான் இருக்கு."

பிறகு காகிதத்தைப் பிரித்து, விட்ட மூன்று வரிகளையும் நின்றபடியே சொன்னார். தீர்ப்பை நிறைவேற்ற வந்த கோர்ட் அமீனாவை அரிவாளால் வெட்டிக் கொன்ற குற்றம். ஆயுள் முழுவதும் தீவாந்தர தண்டனை. பெயரும் குற்றமும் நெற்றியில் பச்சை குத்தப்பட்டுள்ளன. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சொல்லி முடித்து உட்கார்ந்தார். நான் சொன்னதைவிட அழகாகச் சொன்னார் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவர்கள் கோப்பியை மீதம் வைக்காமல் குடித்தார்கள். ஜோகூரில் இருக்கிற அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். லிஃப்ட் வரை போய் அப்பா வழியனுப்பினார். ஜோகூர் அண்ணனிடமிருந்து கடைசிவரை ஒரு பதிலும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் தீபாவளி வரை போன் செய்துகொண்டிருந்தார். தன் அப்பா பேச்சைத் தாண்ட முடியவில்லை என்று அழுதாராம். அதுவும் அத்தை போர்வைக்குள் பேசியதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு வந்த கோபம் மாமா மேல். படிக்கத் தெரிந்தவனுக்கு மறைக்கத் தெரியாதா என்று அம்மாவிடம் கத்தினார். ஆனால் பெரியவர் படத்தைக் கழற்றவில்லை. அடுத்த வருஷம் பெரியப்பா மகன் கல்யாணத்தில் தலைப்பாகை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழேதான் இறங்கியிருந்தது.

அத்தை என்னைத் திட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் புடவையை மடித்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார்.

"மூணு வரியும் நீயேதான் படிச்சியா?"

ஆமாம் என்றேன். நன்றாகப் படிக்கிறாய் என்று தலையைத் தடவினார். அதற்கப்புறம் இரண்டு மாதம் தொடர்ந்து இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அறை முழுக்க எனக்கு, மின்விசிறியும் எனக்கு என்று நான் குஷியாக இருந்தேன். அத்தை அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வேறு இடங்கள் வந்தன, வேண்டாம் என்றுவிட்டார்.

மாமா அந்த விளையாட்டை அதோடு நிறுத்திவிட்டார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நான் அறிவிப்பைக் காட்டினால், நீயே படி பாப்பா என்பார். தோற்றதில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மாமா தவறிப்போனார். அவர் வீட்டு அடுக்குமாடிக்குக் கீழே துக்கத்துக்குப் போட்ட பந்தலில் உட்கார்ந்திருந்தபோது அவரோடு வேலை பார்த்த ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார். தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக்கூட மாமா நாலைந்து தடவை தமிழில் சொல்ல வேண்டி வந்ததாம். ஒரு தடவை கூண்டில் நின்ற பையன், அண்ணே சரியாக் கேட்டீங்களா, இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க என்று கெஞ்சினானாம். மாமா நீதிபதியிடம் கேட்டுவிட்டு, அதே வார்த்தைகளை அதே மாதிரி மறுபடியும் சொன்னாராம். "முப்பது வருஷம். ஒரு வார்த்தை குறைச்சதில்ல உங்க மாமா," என்றார் அவர்.

ஒரு தடவை குறைத்தார், அதுவும் மூன்று வரி, எங்கள் வீட்டு ஹாலில், அத்தைக்காக. அதைப் பிடித்துக் கொடுத்தவள் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கேட்காதவரை விட்டுவிடலாம், கேட்டுவிட்டால் பொய் சொல்ல முடியாது. அவ்வளவு இடம்தான் மாமாவுக்கு இருந்திருக்கிறது. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் நின்றுகொண்டு தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு விருந்தாளிகள் போன பிறகு, மாமா வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் அப்பா கத்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், நிற்க உரிமை உண்டு என்ற மாதிரி. மாமா என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து காகிதச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். "நீ சொன்னது சரி பாப்பா. இது உன்னுது." வழக்கமாகச் சொல்லும் அந்த வரியை மட்டும் சொல்லவில்லை. அவர் லிஃப்டுக்குள் போகும்வரை நடைபாதையில் நின்று, கச்சாங் புத்தேயை ஒரு கடலை விடாமல் தின்று தீர்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.