முதல் தோசையைத் தூக்கிப் போடு

எங்கள் ஆய்வகத்தில் சோதனையின் முதல் ஓட்டத்துக்கு ‘முதல் தோசை’ என்று பெயர். வைத்தவர் என் மேலதிகாரி; கும்பகோணத்துக்காரர், டெல்லியில் தலை நரைத்தவர். “கல்லு சூடாகலைன்னா முதல் தோசை பிய்யத்தான் செய்யும். தூக்கிப் போடும்மா, ரெண்டாவதுலேர்ந்து எழுது” என்பார். பஞ்சாபிக்காரச் சகாக்கள்கூட ‘பெஹ்லா தோசா’ என்று சிரித்துக்கொண்டே முதல் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். நானும் அடித்தேன். இந்தக் கையால்தான்.

நாங்கள் வேகம் அளந்தது ஒரு சிப்புக்கு. அதற்குள் வரிசை வரிசையாகக் கோர்கள், குட்டிக் குட்டிக் கணிப்பொறிகள். கம்பியில்லாமல் வரும் சிக்னலை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கண் இமைப்பதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு கோர் பிந்தினாலும் போச்சு, மொத்த சிக்னலும் குப்பைக்குப் போய்விடும்.

நகரத்துக்கு அடியில் மின்கம்பிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்காக, மேலே வாயிலில் ஒரு பெட்டியில் அந்தச் சிப்பைப் பொருத்தினார்கள். அவர்கள் இடுப்பில் ஒரு பொத்தான் இருக்கும். ஆபத்து என்று அழுத்தினால் மேலே திரையில் சிவப்பு விழ வேண்டும். ஓர் அழுத்தலுக்கு ஒரு சிக்னல், அவ்வளவுதான். சரியாக வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போட்டது நான்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. கரோல் பாக் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தோசை பிய்ந்தது. குப்பைத் தொட்டி வரை கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. வெயிலில் பெட்டி கொதிக்கிறது என்பதால், வேலை இல்லாத நேரத்தில் கோர்கள் தூங்கட்டும் என்று நாங்களேதான் அமைத்திருந்தோம். தூங்கி எழுகிற கோர் சூடாகாத கல்தான். அப்படியென்றால் சுரங்கத்தில் விழுந்தவன் அழுத்துவது எப்போதும் முதல் ஓட்டம்தான். அவனுக்கு இரண்டாவது தோசை ஏது?

மறுநாள் மூலப் பதிவுகளைத் தோண்டினேன். நாங்கள் அடித்த எண்கள் அதில் அப்படியே இருந்தன. எல்லாமே கெடு தாண்டியவை.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அச்சா, பார்க்கலாம். ஆனா இத்தனை நாள்ல ஒரு கம்ப்ளெயின்ட் வரலையே. நீயா போய் ஏன் வம்பை விலைக்கு வாங்கறே?”

“கையெழுத்து என்னது சார்” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிற்பகல் நானே சுரங்கத்துக்குப் போனேன். தகரக் கொட்டகையில் திரைக்கு முன்னால் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார், பிகார்காரர். உபரியாக இருந்த பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொன்னேன். திரை பச்சையாகவே இருந்தது. அவர் உடனே மறுபடி அழுத்தினார். சிவப்பு விழுந்து மணி அலறியது.

“ரெண்டு தடவை அழுத்தணும் மேடம்” என்று இந்தியில் சிரித்தார். “முதல் தடவை போகாது. இங்கே எல்லாருக்கும் தெரியும்.”

கம்ப்ளெயின்ட் ஏன் வரவில்லை என்று இப்போது புரிந்தது.

“எல்லாருக்குமா?”

அவர் சிரிப்பு நின்றது. “காலையில ஒருத்தர் புதுசா இறங்கியிருக்கார். மேலே வந்ததும் சொல்லிடறேன்.”

“வந்ததும் இல்லை. இப்போதே போய்ச் சொல்லுங்கள்” என்று கத்தினேன். அவர் கீழே இறங்கினார்.

நான் திரை முன்னால் உட்கார்ந்தேன். அது பச்சையாகவே இருந்தது. பச்சை என்றால் எல்லோரும் நலம் என்று அதுவரை நினைத்திருந்தவள் நான்.

வெகுநேரம் கழித்து மேஸ்திரி ஏறி வந்தார். அவர் தோளில் சாய்ந்தபடி அந்தப் புது ஆள், ஐம்பது வயதிருக்கும். சட்டை முழுக்க நனைந்து, உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தோம். பாதி அவர் மார்பில் வழிந்தது.

“பொத்தானை அழுத்தினீர்களா?” என்று கேட்டேன்.

“அழுத்தினேன் மகளே. தலை சுத்தி விழுந்ததுமே அழுத்தினேன். சாப்பாட்டு வேளைக்கு முன்னாடி.”

மணி நாலு ஆகியிருந்தது.

“இன்னொரு தடவை அழுத்தியிருக்கலாமே” என்றார் மேஸ்திரி.

புது ஆள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை.

“எதுக்கு? அழுத்தியாச்சே, வந்துடுவாங்கன்னு படுத்திருந்தேன்.”